தையல் கடையில் நொதி விளக்கம்

அருமை மகளுக்கு,

சாத்திய அறைக்குள்ளிருந்து அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், நானும் நலத்துக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறேன். தொண்டை கட்டிப்போய், பேசினால் கதவு கிறீச்சிடுவதுபோல் இருப்பதால் போனுக்குப் பதில் இந்தக் கடிதம்.

அன்றைக்கு நீ லேபிலிருந்து போனில், "வைரஸ் பெருகறது நின்னுபோச்சுப்பா, ஆனா செல்லும் சேர்ந்து செத்துப்போச்சு, எல்லாத்தையும் விட்டுடலாம்போல இருக்கு" என்று அழுதாயே, அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேன்ட்டுக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில் தையல்காரர், "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டுத் தொலைத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "கொரோனா வைரஸுக்குச் சொந்தச் சாமான் கொஞ்சந்தான். நம்ம செல்லுக்குள்ள புகுந்து, அங்க இருக்கற நொதிகளை வேலைவாங்கித் தன்னைப் பெருக்கிக்கும். எம்பொண்ணு வைரஸைத் தொடமாட்டா, அந்த நொதியில ஒண்ணை மருந்து வெச்சு நிறுத்துவா" என்றேன். அவர் வாயில் கவ்வியிருந்த நூலைத் துப்பிவிட்டு, "அப்போ அந்த நொதி நமக்குச் செய்யற வேலை?" என்றார். "அதான் சிக்கல், செல்லும் செத்துப்போச்சு" என்றேன். "நோயும் போச்சு, நோயாளியும் போயாச்சா!" என்றார். கடையே சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறி, "நீங்க தைச்ச சட்டை இதுவரைக்கும் யாருக்குப் பொருந்துச்சு?" என்று கத்தப்போக, கத்தல் இருமலாகி, இருமல் நிற்காமல் போக, காத்திருந்தவர்கள் துணியைப் போட்டது போட்டபடி ஓடிவிட்டார்கள். தையல்காரர் மிஷினுக்குப் பின்னால் ஒதுங்கி, "சார், பேன்ட்டை நானே வீட்டுக்குக் கொண்டாந்து தரேன், நீங்க மட்டும் வந்துடாதீங்க" என்று கும்பிட்டார். பரிசோதித்தால், சாட்சாத் கொரோனாவேதான்.

படுத்தபடி யோசித்தேன். என் உடம்பு, என் நொதி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே எவனோ வேலை நடத்துகிறான். உன் ஆராய்ச்சியின் அருமை அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் அதைவிட நீ எனக்குப் பெரிசு. விட்டுவிட்டு வந்துவிடு, கண்ணு. ஏன் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டோம்.

வேளைக்குச் சாப்பிடு. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று இரண்டு இருமலுக்கு நடுவே வாழ்த்தும்,
அப்பா

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லிக் கதவிடுக்கில் தள்ளினேன். அம்மா படித்துவிட்டு, அதே இடுக்கில் திருப்பித் தள்ளிவிட்டாள். "அவளையா வரச் சொல்றீங்க? அழுத மறுநாளே லேபுக்குப் போயிட்டா. மருந்தோட அளவைக் குறைச்சதுல செல்லு பிழைச்சிருக்காம், வைரஸும் அடங்கியிருக்காம். எங்கிட்ட நேத்தே சொன்னாளே!" என்கிறாள். ஆகவே மேலே உள்ளதில் வாழ்த்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடு, வராதே. அழுகைக்கு அப்பா, நல்ல சேதிக்கு அம்மாவா என்று உன்னோடு சண்டை பிடிக்கத்தான் நினைத்தேன். போகட்டும். அழுகை வந்தால் இனியும் என்னையே கூப்பிடு.