கோழி இல்லாத இருபது நாள்

இந்தச் சித்திரையில் நான் ஒரு சபதம் எடுத்தேன். என் வீட்டுக்காரி சத்யபிரியா இனி இந்த ஜென்மத்தில் டூர் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. "போதுமுங்க சாமி, ஊட்டோடவே கெடக்கறேன்" என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். அந்தச் சபதம் என்ன கதிக்கு ஆளானது என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேளுங்கள்.

நாமக்கல் பக்கம் எனக்கு முட்டைக்கோழிப் பண்ணை. கல்யாணமாகி இருபத்தொரு வருஷம். அவள் எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான்: "கோழியை ஆரு பாக்கறது?" குற்றாலமா? கோழி. கொடைக்கானலா? கோழி. புது மாப்பிள்ளையாக ஒரே ஒரு தடவை ஏற்காடு கூட்டிப் போனேன். மத்தியானம் முட்டை எடுக்க ஆளில்லை என்று போன் வந்தது. ஏரியை வண்டிக்குள் இருந்தபடியே காட்டிவிட்டுத் திருப்பிவிட்டேன்.

இந்த வருஷம் கிழட்டுக் கோழிகளை எல்லாம் கறிக்குத் தள்ளியாயிற்று. அடுத்த குஞ்சு வருவதற்குள் கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்படித்து, இருபது நாளாவது காலியாகப் போட வேண்டும். பத்தாயிரம் கோழி கத்திய இடத்தில் சத்தமே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. எழவு வீட்டுக்காரன் மாதிரி கொட்டகை முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போது பார்த்து வந்தாள்.

"ஏனுங்க, இப்பக் கோழி இல்லீங்களே?"

"இல்லே."

"அப்ப டூர் போலாமுங்களா?"

இருபத்தொரு வருஷமாகக் கட்டிக் காத்த கோட்டை, ஒரே கேள்வியில் பொத்தென்று விழுந்தது. விழுந்த இடத்தில்தான் அந்தச் சபதம் பிறந்தது. ஒரே டூர். ஆனால் செத்தாலும் மறக்காத டூர்.

"போலாமே! ஹம்பி போலாம், பீஜாப்பூர் போலாம்!"

அந்தச் சீமையில் சித்திரை வெயிலுக்குப் பாறையில் தோசை சுடலாம் என்று லாரிக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வண்டி, எங்கள் பழைய ஆம்னி வேன். ஏ.சி. கிடையாது, தீவன மூட்டை ஏற்றிய வாசம் மட்டும் உண்டு. தங்குவதற்கு, காற்றாடி சுற்றுகிற மாதிரி நடிக்கிற லாட்ஜுகளாகப் பார்த்து வைத்தேன். மூன்றாம் நாள் அழுதுவிடுவாள் என்பது என் கணக்கு.

கிளம்புகிற அன்று ஆஞ்சநேயர் கோயிலில் வண்டிக்குப் பூசை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் எரியும்போது நான் ஆரம்பித்தேன்.

"சத்யா, ஒரு ஒப்பந்தம். ஆரு மொதல்ல ‘ஊட்டுக்குப் போலாம்’னு சொல்றாங்களோ அவங்க தோத்தாங்க. தோத்தவங்க இனிமே டூர் விசயத்துல ஜெயிச்சவங்க சொல்றதத்தான் கேக்கோணும்."

"ஆரா இருந்தாலுமுங்களா?"

"ஆரா இருந்தாலும்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"ஆஞ்சநேயர் சாட்சி!"

கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஒரு போன் பேசீட்டு வாரேனுங்க" என்று தேங்காய்க் கடைப் பக்கம் போனாள். ஆத்தாளிடம் சொல்லிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். நான் எப்போதும் அப்படித்தான், நல்லதாகவே நினைப்பேன்.

பயணத்தில் நான் படித்த முதல் பாடம் இது: பெண்டாட்டியை வாட்டி எடுக்கத் திட்டம் போட்டாலும், வண்டி ஓட்ட வேண்டியது புருஷன்தான். சித்ரதுர்கா தாண்டுவதற்குள் இடுப்பு என்னுடையதாக இல்லை. அவள் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, எதிரே வந்த லாரிகளில் எது நம்ம நாமக்கல்லில் பாடி கட்டியது என்று எண்ணிக்கொண்டு வந்தாள்.

ஹம்பியில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆசையாகக் கேட்டேன்.

"வெயில் தாங்குதா சத்யா?"

"நம்ம தகரக் கொட்டகைக்கடியில முட்டை பொறுக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலீங்க."

"லாட்ஜுல காத்தே இல்லியே?"

"கோழி நாத்தமும் இல்லீங்களே!"

"சாப்பாடு புடிக்குலதானே?"

"நான் ஆக்காத சோறுங்க. அமிர்தமா இருக்குது."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷம் அவளை எங்கே வைத்திருந்தேன் என்று நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. அவள் கல்தேர் முன்னால் நின்று, யாரோ ஒரு கன்னடத்து அம்மாவோடு கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் சபதத்தை விட மனசு வரவில்லை.

ஐந்தாம் நாள் பீஜாப்பூர். எனக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, வயிறும் சரியில்லை. அவள் கோல்கும்பஸ் படியெல்லாம் ஏறி இறங்கி, இன்னொரு தடவை ஏறலாமா என்றாள். எனக்குக் கண்ணை மூடினால் காலிக் கொட்டகைதான் தெரிந்தது.

ஊருக்கு வெளியே ஒரு வளைவில் ‘கம்’மென்று தீவன வாசம். எங்கள் ஆம்னி வாசம் இல்லை, புது வாசம். வண்டியை நிறுத்திவிட்டேன். கோழிப்பண்ணை! உள்ளே மத்தியான முட்டை வைத்த கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன. ஐந்து நாளாகச் செத்துக் கிடந்த உசிர் திரும்பி வந்தது. காவலாளியிடம் ஓடினேன். நெஞ்சைத் தட்டி, "நானும் கோழிப்பண்ணைக்காரன்! நாமக்கல்!" என்றேன்.

அதுதான் நான் செய்த தப்பு. வேறு யாராவது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பான். பண்ணைக்காரன் செருப்பில் இன்னொரு பண்ணையின் நோய் ஒட்டிக்கொண்டு வரும் என்பது எல்லாப் பண்ணையிலும் தெரிந்த விஷயம். என் சொந்த மச்சினனையே நான் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துப் பேசியனுப்பியிருக்கிறேன். காவலாளி அவசர அவசரமாகச் சங்கிலி போட்டுப் பூட்டி, "ஹோகி, ஹோகி" என்று போகச் சொல்லிக் கையை ஆட்டினான்.

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கோழிகள் கத்தின. எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

"சத்யா… ஊட்டுக்குப் போலாம்."

"என்னங்க சொன்னீங்க?"

"ஊட்டுக்குப் போலாம்னேன்."

"செரியாக் காதுல உழுகுலீங்க."

"ஊட்டுக்குப் போலாம்!"

காவலாளிக்கே கேட்டது. அவள் துண்டை எடுத்து என் கண்ணைத் துடைத்தாள். "அழுவாதீங்க சாமி, போலாம்" என்றாள். அந்தக் குரலில் நிஜமாகவே பாசம் இருந்தது. அது இன்னும் வலித்தது.

வழியெல்லாம் மனசைத் தேற்றிக்கொண்டு வந்தேன். தோற்றால் என்ன? பதினைந்து நாளில் குஞ்சு வந்து இறங்கிவிடும். குஞ்சு இறங்கிவிட்டால் ஆஞ்சநேயரே வாலால் சுற்றி இழுத்தாலும் நான் அசைய முடியாது. சத்தியம் சத்தியமாகவே இருக்கட்டும். கோழியை ஆரு பாக்கறது?

குஞ்சு வர வேண்டிய புதன்கிழமை விடியக்காலமே, குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கப் பல்பெல்லாம் போட்டு, கீழே பேப்பர் விரித்து, பண்ணையாள் கந்தப்பனோடு கேட்டில் நின்றேன். ஒன்பதாயிற்று. பன்னிரண்டாயிற்று. குஞ்சு வண்டியைக் காணோம். குஞ்சு பொரிக்கிற கம்பெனிப் பிரபாகருக்குப் போன் போட்டேன். வழக்கமாக அவனிடம் பேசுவது சத்யாதான். நான் பேசினால் சண்டை வந்துவிடுமாம்.

"குஞ்சு எங்கய்யா?"

"ஆனி மாசந்தானுங்ளேண்ணா? அக்கா ரெண்டு மாசம் தள்ளி அனுப்பச் சொல்லீட்டாங்களே!"

"எப்பச் சொன்னா?"

"நீங்க டூர் கெளம்புன அன்னைக்கேங்ண்ணா. கோயில்ல இருந்து பேசறேன்னாங்க. மணிச் சத்தங்கூடக் கேட்டுதே!"

திரும்பிப் பார்த்தேன். ஆம்னியின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. பையோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ரிஷிகேசம் போறமுங்க, அந்த ஊருல முட்டையே விக்கறதில்லையாம், உங்களுக்கு எந்தக் கேட்டுலயும் நின்னு அழுவற வேலை இருக்காதுங்க."