ஹார்க்ரோவ் வீட்டுப் புல்வெளி

"பிரசாரப் பலகையை எங்க நட்டீங்க?"

யோலாண்டாவுக்குக் காப்பி புரையேறியது.

"எல்ம் தெரு முனை வீட்டுலம்மா," என்றார் தொண்டர் வெண்டல், நெஞ்சை நிமிர்த்தி. "போன்ல ஒரு அம்மா கேட்டாங்க. நேத்து சாயங்காலமே நட்டுட்டேன். புயலே வந்தாலும் அசையாது!"

"அட பாவி மனுஷா, அது ஹார்க்ரோவ் வீடுய்யா!"

ஹார்க்ரோவ்தான் எதிர் வேட்பாளர். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் அந்தத் தொகுதியில் அசைக்க முடியாத ஆள். அவரை எதிர்த்து நர்ஸ் மரிசோல் காங்கிரஸ் எனும் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு நிற்கிறாள். அவளுக்காக விளம்பரம் போட்டு, வீடு வீடாகக் கதவு தட்டுவது யோலாண்டாவின் முற்போக்குக் குழு. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. இப்போது எதிராளி வாசலிலேயே மரிசோலின் பலகை! பத்திரிகைக்காரன் கண்ணில் பட்டால் ரவுடித்தனம் என்று எழுதுவான், மரிசோல் தோற்றாள். அவளை எச்சரிக்கவும் முடியாது. இப்படித் தனியாகப் பணம் செலவழித்துப் பிரசாரம் செய்யும் குழு வேட்பாளரோடு கலந்து பேசக்கூடாது என்பது அங்கே சட்டம்.

தானே பிடுங்கக் கிளம்பினாள்.

ஹார்க்ரோவ் வீட்டுப் புல்வெளியில் பலகையை இழுத்தாள், வரவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தபோது புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் சீறி அவளைத் தொப்பலாக நனைத்தது. பலகையோடு மல்லாந்து விழுந்தாள்.

"ஏய் திருடி!" எதிர்வீட்டுப் பெண்மணி நாயோடு ஓடிவந்தாள். "ஹார்க்ரோவ் ஆளா நீ? மரிசோல் பலகையிலயா கை வைக்கற? என் புருஷனைப் பொழைக்க வச்சவடி அவ!"

யோலாண்டாவுக்குப் பெருமையில் கண் கலங்கியது. ஆனால் உண்மையைச் சொன்னால் குழுவின் மானம் போகும்.

"நான்... தோட்ட வேலைக்கு வந்தேங்க."

"ஹை ஹீல்ஸ் போட்டுக்கிட்டா? இரு, போலீஸைக் கூப்பிடறேன்!"

கதவு திறந்தது. தூக்கக் கலக்கத்தோடு ஹார்க்ரோவே வந்து நின்றார்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? யோலாண்டா சேற்றோடு எழுந்து தலை நிமிர்ந்தாள். "சார், தப்பு எங்க குழுவோடது. மரிசோலுக்கு இது தெரியவே தெரியாது. அவளுக்காக உழைக்கறது எங்களுக்குப் பெருமை. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

ஹார்க்ரோவ் பயந்தபடி மாடி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"திட்டறதெல்லாம் இருக்கட்டும்மா, முதல்ல அதைப் பழையபடி நட்டுடுங்க. போன் பண்ணிக் கேட்டு வாங்கினதே என் பொண்டாட்டிதான்; எழுந்து வந்து பார்த்தா நான்தான் பிடுங்கிட்டேன்னு சொல்லுவா!"