அத்தானின் மீன்தொட்டியைக் கழுவிய நாள்

உலகத்தில் சில பொருள்களைக் கழுவவே கூடாது. இந்தச் சாதாரண விஷயம் எனக்குத் தெரியவந்தபோது வயது முப்பது. கல்யாணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அப்போது கெலுகோரில் அக்கா வீட்டில் இருந்தேன். பாயான் பாருவில் ஃபேக்டரி வேலை. அப்பா அம்மா இல்லாததால் பெண் வீட்டார் 'மாப்பிள்ளை வீடு' பார்க்க வருவதும் அங்கேதான். நான்கு இடம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது (என் முகத்துக்கு நான்கே அதிகம் என்பாள் அக்கா). ஐந்தாவது இடம் தாசேக் கெலுகோர் (பெயரில்தான் கெலுகோர், ஊர் வேறு). போட்டோவிலேயே என்னைப் பிடித்துவிட்டதாம் அந்தப் பெண்ணுக்கு. இதையும் கெடுத்துக்கொண்டால் அப்புறம் சாமியாராகப் போக வேண்டியதுதான் என்று எனக்கே தெரியும்.

அத்தான் ஹாலில் மூன்றடி மீன்தொட்டி வைத்திருந்தார். உள்ளே புல்வெளி மாதிரி செடிகள், நடுவில் நீலமும் சிவப்புமாகக் குட்டி மீன்கள். மூன்று வருஷ உழைப்பு. அன்று காலை பெண் வீட்டாரை அழைத்துவர அக்காவோடு கிளம்பும்போது சொன்னார்:

"மச்சான், கண்ணாடிய மட்டும் தொடைச்சு வை. உள்ள கைய வச்சிடாத லா."

துடைத்தேன். துடைத்த பிறகுதான் அடியிலிருந்த கறுப்பு மண்ணும் அதன்மேல் படிந்திருந்த மீன் கழிவும் பளிச்சென்று தெரிந்தன. விருந்தாளி வருகிறார்கள் என்றால் சாமி படத்தின் பின்பக்கத்தைக்கூட விடாமல் துடைக்கிற குடும்பம் எங்களுடையது. என் கை சும்மா இருக்குமா?

பழைய தண்ணீரோடு மீன்களை ஒரு வாளியில் விட்டேன். செடிகளைக் கீரை மாதிரி பிடுங்கிப் போட்டேன். மண்ணைப் பெரிய பானையில் அள்ளி, அரிசி களைவதுபோல் களைய ஆரம்பித்தேன். தண்ணீர் தெளியும்வரை களைய வேண்டும் அல்லவா? தெளியவே இல்லை. எட்டாவது தண்ணீரில்தான் மண்ணே கரைந்து போய்க்கொண்டிருப்பது புரிந்தது. (அது செடிக்கென்றே செய்த உருண்டை மண்ணாம். கசக்கினால் சேறாகிவிடுமாம். மறுநாள் மீன்தொட்டிக் கடைக்காரர் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார், பாவி.)

மிஞ்சிய சேற்றைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் நிரப்பி, செடி நட்டேன். ஒன்றை ஊன்றினால் இன்னொன்று மிதந்து வந்தது. வெறுத்துப்போய், இலை நுனி மட்டும் தெரிகிற மாதிரி எல்லாவற்றையும் அமுக்கிப் புதைத்தேன். வாசலில் கார் வந்து நின்றது.

தொட்டி அசல் தே தாரே (எங்கள் ஊரில் இழுத்து ஆற்றுகிற பால் டீ) நிறத்தில் இருந்தது. பெண்ணும் கூடவே வந்திருந்தாள்; எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெண்ணின் அம்மா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள என்ன இருக்கு தம்பி?"

"மீன்... இருந்துச்சு ஆன்ட்டி."

அந்த நேரம் பார்த்து ஒரு செடி மெதுவாக மேலே வந்தது. பிறகு இன்னொன்று. அக்கா பலகாரத் தட்டை நீட்டியபடியே நின்றாள். பெண் மட்டும் எழுந்துபோய் மூலையிலிருந்த வாளியை எட்டிப் பார்த்தாள்.

"மண்ண கழுவிட்டீங்களா?" என்றாள்.

தலையாட்டினேன். அவளும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அத்தான் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: "மூணு வருஷம் லா, மச்சான்." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே பாதி மீன்கள் செத்தன. கழிவைத் தின்னும் நல்ல கிருமிகளெல்லாம் அந்த மண்ணில்தான் குடியிருந்தனவாம். அவற்றையும் எட்டுத் தண்ணீர் ஊற்றி அனுப்பிவைத்திருக்கிறேன். பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. "பையன் நல்ல பையன்தான். ஆனா, நல்லா இருக்கறத நல்லா இருக்க விடமாட்டாரு போலன்னு பொண்ணு சொல்லுது." அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் அதிகம் வலித்தது.

பிறகு எப்படியோ எனக்கும் கல்யாணம் ஆனது, வேறு இடத்தில். போன வருஷம் மகள் பிறந்தாள். துணியில் சுற்றி நர்ஸ் தூக்கி வந்தார், தமிழ்ப் பெண். நான் கை நீட்டினேன். அத்தான் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"இவன்கிட்ட குடுக்காதீங்கமா. கழுவிடுவான்."

தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் சிரித்தது என் மனைவிதான்.