ஃபோர் ட்வெண்டிக்கு மேலே ஒன்று

விழுப்புரம் மாவட்டத்திலேயே, ஊரார் தன்னை ஒரு மோசடிப் பேர்வழி போலக் கூப்பிடுவதைக் கேட்டுப் பெருமைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் நானூத்தி இருபத்தொண்ணு சார்தான். திண்டிவனத்தில் ஒரு டுடோரியலில் கணக்கு வாத்தியார். டீக்கடை மாடியில் நானும் அவரும் ஒரே அறை.

பத்துப் பத்தாக எண்ணுவது அவருக்குப் பிடிக்காது. "கால்லயும் பத்து வெரல் இருக்குல்ல தம்பி? அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்பார். இருபது இருபதாகத்தான் எண்ணுவார், எழுதுவார். ஒருநாள் '10 முட்டை' என்று எழுதிக் கொடுத்தார். பத்து வாங்கி வந்தேன். "மீதிப் பாதி எங்க?" என்றார். அவர் கணக்கில் ஒன்றும் சைபரும் சேர்ந்தால் இருபது.

அந்தக் கணக்கில் 421 என்பது 111. ஒரு நானூறு, ஒரு இருபது, ஒரு ஒன்று. போதாததற்கு அது பகா எண். இதை அவர் சொல்லாத ஆள் திண்டிவனத்தில் இல்லை. பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சமயத்தில் முகையூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். காபி கொடுத்த பெண், "பஸ்ல ஜன்னல் சீட்டு கெடைச்சுதாங்க?" என்று கேட்டாள். அதோடு நான் விழுந்துவிட்டேன். ஆனால் என்னைப் பற்றி விசாரிக்க வந்த அவள் அப்பாவிடம் டீ மாஸ்டர், "தங்கமான புள்ளங்க. நானூத்தி இருபத்தொண்ணு கூடத்தான் தங்கியிருக்காரு" என்று நற்சான்று கொடுத்துவிட்டார். ஃபோர் ட்வெண்டியையே தாண்டியவனா? சம்பந்தம் சரிப்படாது என்று போன் வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் கேட்ட சார், "சட்டைய மாத்து, போலாம்" என்றார்.

முகையூர் வீட்டுக் கூடத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார்கள். சார் வணக்கம்கூடச் சொல்லாமல் உட்கார்ந்து கொட்டைகளை எண்ண ஆரம்பித்தார்.

"இன்னா பண்றாரு இவரு?" என்றார் பெண்ணின் அப்பா. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

எண்ணி முடித்து நிமிர்ந்தார். "இது நானூத்தி இருபதுங்க. ரெண்டு பேருக்குப் பிரிங்க, மூணு பேருக்குப் பிரிங்க, ஏழு பேரு வரைக்கும் சரியா வரும். கூப்ட்ட பக்கம்லாம் போறவன் அவன். மேல ஒண்ணு வச்சிட்டேன். இப்பப் பிரிங்க பாக்கலாம்."

அவரும் விவசாயி, விடுவாரா? மூன்றாக, ஏழாக, பதின்மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொரு முறையும் மீதி நின்றது.

"எவனுக்கும் பிரியாதுங்க. அதான் நானு" என்றார் சார். பிறகு கொட்டைகளை மறுபடி அடுக்கினார்.

கதவோரம் நின்ற பெண் எட்டிப் பார்த்தாள். "பெரிய குவியல் ஒண்ணு, இருபது கொட்டை வச்ச சின்னது ஒண்ணு, தனியா ஒண்ணு. ஒண்ணு ஒண்ணு ஒண்ணு, இல்லீங்களாண்ணா?"

சார் என் பக்கம் திரும்பி, சபையிலேயே சொன்னார்: "தம்பி, இந்தப் பொண்ண வுட்றாத."

"இவ்ளோ வேலைய வச்சிக்கினு இவரு எப்பங்க ஊர ஏமாத்தப் போறாரு?" என்ற அப்பா, உள்ளே பார்த்து இலை போடச் சொன்னார்.

போன மாதம் சாருக்குக் கண் ஆபரேஷன். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நானும் மனைவியும்தான் துணைக்கு இருந்தோம். "பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டாள். நான் யோசிப்பதற்குள் மனைவி, "எங்கண்ணன்" என்றாள்.

அப்படியானால் எனக்கு மச்சான். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தவரை நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.