சுயேச்சை மெல்வின்

ராக் இசையின் உலக வரலாற்றை எழுதப் புகுவோர் மூன்று ஊர்களைக் குறிப்பிட்டால் போதும்: லிவர்பூல், சியாட்டில், கந்தர்வக்கோட்டை. இடம் பற்றாவிட்டால் முதலிரண்டை விட்டுவிடலாம்.

மூன்றாவது ஊருக்கு அந்தப் பெருமையைத் தேடித் தந்தவர் மெல்வின். பூர்வீகம் ஆவூர். வயது முப்பத்திரண்டு. பெங்களூரில் ஆறு வருடம் வேலை பார்த்து, 'ஆன்மா ஒத்துழைக்கவில்லை' என்று காரணம் காட்டி ராஜினாமா செய்தவர். நிர்வாகம் அதற்கு முந்தின வாரமே ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டது என்பது சில்லறைத் தகவல். அவருடைய பாடல்களுக்கு இணையத்தில் பதினேழு ரசிகர்கள் இருந்தார்கள். ஒருவர் நார்வேக்காரர். அவர் கை தவறி அழுத்தியிருப்பார் என்று டிரம்ஸ் வாசிக்கும் இன்னாசி சொன்னதை இசையுலகம் ஏற்கவில்லை.

மெல்வினுக்குக் கொள்கை உண்டு. சினிமாப் பாட்டுப் பாடமாட்டார். கல்யாண வீட்டில் கேட்டார்கள், மறுத்தார். காதுகுத்தில் கேட்டார்கள், மறுத்தார். பிறகு யாரும் கேட்கவில்லை. சொந்த மாவட்டத்தில் ஒரு மேடை, சொந்தமாக ஒரு பாட்டு, அதை முதலிலிருந்து கடைசிவரை பாடிவிட வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பாட்டு தயாராகவே இருந்தது. எதிர்வீட்டு மீனம்மாள் முந்திரிக் குடோனில் கொட்டை உடைப்பவர். தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல்களில் தோல் தங்குவதில்லை. "என்னக்கா கை இப்படி இருக்கு?" என்று மெல்வின் ஒருநாள் கேட்டார்.

"பருப்பு ஒங்களுக்கு, கொப்புளம் எங்களுக்கு. வேறென்ன தம்பி?"

மெல்வினுக்கு உடம்பு சிலிர்த்தது. அதையே பல்லவியாக்கிக்கொள்ள அனுமதி கேட்டார்.

"பாடிக்கங்க. கையொறை வாங்கிக் குடுங்கன்னு நாலு வருசமா கேக்குறோம். நாங்க சொன்னா காதுல ஏறல. நீங்க மைக்குல சொன்னாலாச்சும் ஏறுதான்னு பாப்போம்."

மெல்வின் வாக்குக் கொடுத்தார். அன்று அவர் கண் கலங்கியது உண்மை. அதை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன்.

உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நாட்கள் அவை. மெல்வின் விளம்பரத்துக்காக ஆத்மநாதனின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய், 'இண்டி ராக் பாடகர் மெல்வின்' என்று எழுதிக் கொடுத்தார்.

"இண்டின்னா என்னங்க?" என்றார் ஆத்மநாதன்.

"இன்டிபென்டன்ட். யாரையும் சாராதவன்."

"அதுக்குத் தமிழ்ல சுயேச்சைன்னு இருக்குல்ல?"

மெல்வின் நெகிழ்ந்துபோனார். ஒரு கலை வடிவத்துக்கே ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் தமிழ்ப் பெயர் கிடைத்துவிட்டது. மறுநாள் பேருந்து நிலையத்தில் பன்னிரண்டடி உயரத்தில் 'சுயேச்சை மெல்வின்' நின்றார். கையில் கித்தார். கீழே, ஆத்மநாதன் தொழில் பழக்கத்தில் சேர்த்த ஒரு வரி: 'உங்கள் பொன்னான ஆதரவை நாடும்'.

ஆதரவு அன்றைக்கே வந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று நாலு பேர், சாக்கடை அடைப்பு என்று ஏழு பேர். ஒருவர் முதியோர் உதவித்தொகை மனுவோடு வந்து, பாட்டையும் கேட்டுவிட்டு, "பாட்டெல்லாம் இருக்கட்டும், கையெழுத்துப் போடுங்க" என்றார். மூன்றாம் நாள் கார் வந்தது. இறங்கியவர் அழகுமலை. ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர். மீனம்மாள் கொட்டை உடைக்கும் குடோனும் அவருடையதுதான்.

"சுயேச்சையா எறங்குறீகளாமே தம்பி. எந்த வார்டு?"

கார்டு, அதாவது கித்தாரில் எந்தச் சுரக்கட்டு, என்று கேட்டதாக மெல்வின் காதில் விழுந்தது. கித்தாரை மீட்டிக் காட்டி, "ஈ மைனருங்க" என்றார்.

"மைனரா? இருபத்தோரு வயசு ஆகலைன்னா நிக்கவே முடியாதே."

"நின்னுக்கிட்டும் வாசிக்கலாங்க. உக்காந்தா இன்னும் வசதி."

அழகுமலை முப்பது வருட அரசியல்வாதி. இவ்வளவு பிடிகொடுக்காமல் பேசும் ஆளை அவர் பார்த்ததில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வாபஸ் வாங்கிருங்க தம்பி."

"சுயேச்சையை எப்படிண்ணே வாபஸ் வாங்குறது? அது என் கொள்கை."

"கொள்கை இருக்கா? அப்ப நல்லதாப் போச்சு. கூட்டணி வச்சுக்கலாம். ஒங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரு மேடை."

அழகுமலைக்கு இவ்வளவு மலிவாக யாரும் விலை போனதில்லை. அடுத்த ஞாயிறு கறம்பக்குடியில் பொதுக்கூட்டம், பத்தாயிரம் பேர், இருபது ஒலிபெருக்கி என்றார். பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார்.

"பிரமாதம். ஒரே ஒரு வார்த்தை மட்டும். கொப்புளம்னா கூட்டத்துல மொகம் சுளிப்பாக. 'பருப்பு ஒங்களுக்கு, பாடு எங்களுக்கு'ன்னு வச்சுக்கங்க. கட்சிக்காரன் பாடுபடுறான்னு அர்த்தம் வந்துரும்."

கலைக்கும் அதிகாரத்துக்கும் நடந்த அந்த மகத்தான போராட்டம், அழகுமலையின் கார் தெருமுனை திரும்பும்வரை நீடித்தது.

"மீனம்மாக்காட்ட சொன்ன வாக்கு என்னாகுறது?" என்றார் இன்னாசி. "அதோட, அம்புட்டுப் பெரிய வார்த்தையை எடுத்தா ட்யூன் ஒதைக்குமே."

"ஒதைக்கல" என்றார் மெல்வின். "பாடிப் பாத்துட்டேன்."

கறம்பக்குடியில் பாட்டு முதலிலிருந்து கடைசிவரை ஒலித்தது. விசில் பறந்தது. மெல்வினுக்குச் சால்வை போர்த்தினார்கள். குடோன் பெண்களையும் வேனில் ஏற்றிக் கொண்டுவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். கட்சிக்காரர் கைகாட்டியபோதெல்லாம் அவர்கள் தட்டினார்கள். உரிந்த விரல்களோடு தட்டுவது சுலபமில்லை. மெல்வின் மேலேயிருந்து அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் கித்தாரில் குனிந்துகொண்டார்.

கூட்டம் கலைந்தபோது மீனம்மாள் மேடைப் பக்கம் வந்தார். மெல்வினுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திட்டினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார்.

"நல்லாப் பாடுனீங்க தம்பி" என்றார் மீனம்மாள். "எங்க பாட்டையும் ஒருநா இதே மாதிரி பாடுங்க. வாரேன், வேன் போயிரும்."

அதன்பின் மெல்வினின் வளர்ச்சியை யாராலும் தடுக்க முடியவில்லை. நான்கு கட்சிகளின் மேடைகளில் பாடிவிட்டார். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் ஆகவில்லை. ஒரு கட்சிக்குப் பாடிய மெட்டை இன்னொரு கட்சிக்குத் தரும்போதுகூடப் பாரபட்சம் காட்டுவதில்லை. புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் அண்மையில் 'சமரசமற்ற கலை' என்ற தலைப்பில் சிறப்புரை ஆற்றினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தட்டியவர்களில் நானும் ஒருவன்.

எத்தனை மேடை ஏறினாலும், சத்தியமாகச் சொல்கிறேன், அவர் இன்றுவரை யாரையும் சாராதவர்தான். மீனம்மாளையும் சேர்த்து.