நான்காம் பக்கத்துக்கு வந்தவர்கள்

2024 மார்ச் 11, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, சங்கரன்கோவில் ராஜபாளையம் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், ‘நாடா’ என்ற கட்டற்ற மென்பொருளின் இணையக் கையேட்டில் வருகையாளர் கண்காணிப்பு சேர்க்கப்பட்டது.

நெருப்பைக் கண்டுபிடித்த மனிதன்கூட அதில் எத்தனை பேர் குளிர்காய்ந்தார்கள் என்று கணக்கெடுக்கவில்லை. நாகரிகத்தின் அந்தக் குறையை நாங்கள் மூவர் தீர்த்துவைத்தோம்.

விசைத்தறியில் நூல் அறுந்ததும் மோட்டாரை நிறுத்தும் சிறு கருவிக்கான மென்பொருள் நாடா. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். தறிக்குள் ஊடு நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவின் பெயரைத்தான் வைத்தோம். யாரும் நாடாதது என்றும் அதற்குப் பொருள் வரும் என்று அப்போது தோன்றவில்லை. கையேட்டில் நான்காம் பக்கம்தான் உயிர். அறுந்த நூலை முடிச்சிட, எப்போது தறிக்குள் கையை விடலாம் என்று சொல்வது அது. எழுதியவர் எங்கள் மூவரில் ஒருவரான இசக்கிச்செல்வி.

“யாரு வாரா, யாரு போறான்னே தெரியாம கதவத் தொறந்து போட்டிருக்கோம். இதுக்குப் பேரு சேவையா?” என்று ஒருங்கிணைப்பாளர் துரைப்பாண்டி கூட்டத்தைத் தொடங்கினார்.

“மோர்ப்பந்தல்ல குடிக்கவங்கிட்ட ஆதார் கார்டா கேப்பிய, அண்ணாச்சி?” என்றார் இசக்கிச்செல்வி.

“டம்ளரையாவது எண்ணலாமுல்லா?”

“எண்ணுங்க. குடிச்சவன் பின்னாலயே வீடு வரைக்கும் போவாண்டாம்.”

வாக்கெடுப்பு நடந்தது. நான் முன்னேற்றத்தின் பக்கம் கை தூக்கினேன். இரண்டுக்கு ஒன்று.

அனுமதி கேட்பது பண்பாடு. எனவே கையேட்டைத் திறந்ததும் ஒரு பெட்டி தோன்றும்படி செய்தோம். வாசகத்தை நல்ல தமிழில் துரைப்பாண்டியே எழுதினார்: “உங்கள் ஒவ்வொரு அசைவும் கண்காணிக்கப்படுகிறது. சம்மதமா?”

முதல் மாத அறிக்கை எங்களை நெகிழவைத்தது. வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் வந்த வேகத்தில் திரும்பியிருந்தார்கள். சம்மதம் கேட்கும் முன்பே எண்ணிவிட்டதால்தான் இந்த அரிய உண்மை கிடைத்தது. அயர்லாந்திலிருந்து மட்டும் ஒருவர் நாள் தவறாமல் வந்து, எல்லாப் பக்கங்களையும் இரண்டே நொடியில் படித்துவிட்டுப் போனார்.

“அயர்லாந்துல தறி உண்டா, அண்ணாச்சி? அது மிஷினு!” என்றார் இசக்கிச்செல்வி.

“மிஷினே படிக்குதுன்னா நம்ம எழுத்தோட தரத்தப் பாரு மக்கா.”

‘பயனர் திருப்தி’யை அளக்க ஏப்ரலில் நான் புளியங்குடி சாலையில் உள்ள வீரபாண்டியின் தறிக்கூடத்துக்குப் போனேன். நான்காம் பக்கம் அங்கே காகிதத்தில் சுவரில் ஒட்டியிருந்தது. தறி ஓட்டும் முத்துமணி அதைப் பார்த்துத்தான் வேலை செய்தார்.

“போன்ல தொறக்க மாட்டியளோ?” என்று கேட்டேன்.

“மொதலாளி தொறக்கப்புடாதுன்னுட்டாவ,” என்றார் முத்துமணி.

வீரபாண்டி என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். “வே, கரண்டு கார்டுல ஆறு தறி. உள்ள எட்டு ஓடுது. ஒவ்வொரு அசைவும் கண்காணிக்கோம்னு உங்காளுவளே போட்டிருக்கிய. தொறந்தா கரண்டு ஆபீசுக்குத் தெரிஞ்சுராதா? அதான் பெட்டி வாரதுக்கு முந்தி எடுத்து வச்ச பழசையே பிரிண்ட் போட்டு எல்லாக் கூடத்துக்கும் குடுத்துட்டோம்.”

“திருப்தியா இருக்கா?”

“ரொம்பத் திருப்தி.”

அப்படியே பதிவு செய்தேன்.

மே மாதம் இசக்கிச்செல்வி ஒரு கோளாறைக் கண்டுபிடித்தார். சிவப்பு விளக்கு எரிந்தால் கையை விடலாம் என்று நான்காம் பக்கம் சொல்லிவந்தது. ஆனால் மின்சாரம் போய்த் திரும்பினால், சிவப்பு விளக்கு எரியும்போதே தறி தானாக ஓடியது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகே கையை விட வேண்டும் என்று அன்றே பக்கத்தைத் திருத்தினார்.

“அந்தப் பெட்டிய எடுத்துருங்க, அண்ணாச்சி. தறிக்காரங்க பயப்படுதாங்க. இத இப்ப எல்லாரும் பாக்கணும்.”

“எத்தன பேரு பாத்தாங்கன்னு தெரிய அதுதான மக்கா வேணும்?”

கேள்வியில் இருந்த தருக்கத்தை நான் பாராட்டினேன். வீரபாண்டி சொன்னதை அந்தக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

திருத்தத்துக்குப் பிறகு நான்காம் பக்கத்துக்கு வந்தவர்கள் நால்வர்: நாங்கள் மூவர், அயர்லாந்து.

ஜூன் 6, வியாழக்கிழமை பிற்பகல் 2.40-க்கு மின்சாரம் போய், 2.43-க்குத் திரும்பியது. முத்துமணியின் வலது கையில் இப்போது மூன்று விரல்கள் இருக்கின்றன. அவர் எங்கள் தளத்துக்கு வந்ததாகப் பதிவு இல்லை.