கைப்பட ஒரு வரி

வக்கீல் கிளாட்வினின் கட்டில் ஹாலுக்கு வந்திருந்தது.

"பெட்ரூம் சுவரு ஓதம் ஏறிக் கெடக்கு. பெயிண்ட் அடிக்கணும்," என்றாள் மனைவி சலோமி. "கொஞ்ச நாளைக்கு இங்க படுங்க."

காரைக்கால் சுற்றுவட்டாரத்துப் பெரிய ஆலை முதலாளிகளுக்கெல்லாம் தொழிலாளர் சட்டத்தில் யோசனை சொல்பவர் அவர். சொந்த வீட்டுச் சுவர் விஷயத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஃபோன் அடித்தது. நூல் ஆலை மேனேஜர் தர்மலிங்கம்.

"சார், ஸ்டோர் கீப்பர் ஆரோக்கியஜோசப்பை குடோனுக்கு மாத்திட்டோம். அப்பவும் வேலைய விட்டுப் போவ மாட்டேங்கிறாருங்க."

"போகச் சொல்லிடாதீங்க, கேஸாயிடும். எடத்தை மாத்திக்கிட்டே இருங்க. தானா போகணும். போறப்ப, நானாத்தான் போறேன்னு கைப்பட ஒரு வரி எழுதி வாங்கிக்குங்க."

காபி கொண்டுவந்த சலோமி நின்றாள். "ஜோசப் பொண்டாட்டி மாதா கோயில்ல எம் பக்கத்துல ஒக்காந்து அழுவுதுங்க."

"நாங்க யாரையும் போகச் சொல்லலியே சலோமி."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விட்டது தொல்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஹாலில் தினமும் சாயங்காலம் ஜெபமாலைக் கூட்டம் தொடங்கியது. கட்டிலில் சாய்ந்தபடி ஃபோனில் கேஸ் பேசியவரை வந்திருந்த பெண்கள் பார்த்த பார்வையில், "நான் மாடி ரூமுக்குப் போயிடறேன்," என்று அவரே சொல்லிவிட்டார்.

மாடி அறைக்குத் தகரக் கூரை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மாடியில் காயும் கருவாடு, மூடினால் வேக்காடு. டேபிள் ஃபேன் ரிப்பேருக்குப் போனது, போனதுதான்.

சாப்பாடும் மாடிக்கே வந்தது. காலேஜ் படிக்கும் மகள் பெனிட்டா தட்டை வைத்துவிட்டு உடனே இறங்கிவிடுவாள். கீழே அம்மாவும் மகளும் சிரிப்பது கேட்கும். வக்கீல் தனியாக ஆறிப்போன குழம்பைப் பிசைந்துகொண்டிருப்பார்.

ஒருநாள் கீழே வந்து, "நம்ம தலத்தெரு ஆபீஸ்ல ஏசி இருக்கு. கொஞ்ச நாள் அங்கயே தங்கிக்கவா?" என்றார். வேண்டாமென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடுவார்.

"ஒங்க இஷ்டங்க," என்றாள் சலோமி.

பெட்டியோடு கிளம்பினார். பெட்ரூம் கதவு திறந்திருந்தது. சுவர் பழைய நிறத்திலேயே இருந்தது. அதைக் கேட்க வாயெடுப்பதற்குள் ஃபோனில் மறுபடி தர்மலிங்கம்.

"ஜோசப் அசைய மாட்டேங்கிறாரு சார்."

"பொறுமையா இருங்க. எந்த மனுஷன் எவ்ளோ நாள் தாங்குவான்?"

கேட்டைத் திறந்தபோது பின்னால் பெனிட்டா ஓடி வந்தாள். பெற்ற மகளாவது தடுக்க வருகிறாளே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தார்.

அவள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

"நீங்களாத்தான் போறீங்கன்னு கைப்பட ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்கப்பா. அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க."